ஙிலு

பர்வானியா, இரண்டாம் மாடி, பல் டாக்டர்.
வியாழக்கிழமை மாலை, வெளியே தூசிக்காற்று.
கோப்பின் மேல் ஒற்றைப் பெயர்,
தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு.
"சிசி" என்று கூப்பிட்டேன்.
"கிக்கி" என்று கூப்பிட்டேன்.
மேடம் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி
பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தார்.

வந்தாள். மேசையில் விரல் ஊன்றிப்
பெயரைத் திருத்தினாள்:
ச்சி. ச்சி. கடைசியில் ஒரு மூச்சு.

சொல்லிப் பார்த்தேன், சீச்சீ.
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மீன் கூடையை முகரும் நாயை நாங்கள் விரட்டும் சத்தம் அது.
நீட்டாதே, என்று கையை ஆட்டினாள்.
குறில்தான். பிறகு அந்த மூச்சு,
பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியில்
ஆவி படிகிற அளவுக்கு.
அருவருப்புக்கும் அவளுக்கும் நடுவே
அவ்வளவுதான் வேலி.

என் சட்டையில் குத்தியிருந்த அட்டையை
இப்போது அவள் படித்தாள். ஜெபகனி.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
ஜெபக்கான் என்றால் அவள் ஊரில் பொறியாம்.
இரண்டு உள்ளங்கையும் சடக்கென்று மூடிக் காட்டினாள்,
உள்ளே மாட்டிய எலியாகவும் ஒரு கணம் முகத்தை மாற்றினாள்.
அம்மா ஒன்பது நாள் உபவாசம் இருந்து வைத்த பெயர்.
இருக்கலாம், என்றேன்.
இரண்டு வருடம் என்று வந்தது
ஆறாவது வருடம் ஓடுகிறது.

நாற்காலியைச் சாய்த்தோம்.
டாக்டர் வாயில் அரபியில் கேட்டார்,
மேடம் பதில் சொன்னார்: வலி.
டாக்டர் எழுதினார்: வலி.
பிடுங்கிவிடுங்கள், திரும்பத் திரும்ப வர நேரமில்லை.
அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.
சாக்கித் இல்லை.
வாய் நிறையப் பஞ்சோடு சொன்னாள்:
ஙிலு.

ஒன்றாம் வகுப்புச் சுவரில்
அம்மாவுக்கும் ஆட்டுக்கும் படம் இருந்தது.
ங வந்ததும் சங்கை வரைந்து சமாளித்திருந்தார்கள்,
எழுத்தை நடுவில் ஒளித்து.
அது முன்னால் நின்று நான் பார்த்ததில்லை.
இங்கே ஒரு சொல்லின் தலைவாசலில்
செருப்போடு நிற்கிறது.

நிலு, என்றேன். இல்லை.
இங்கிலு. இல்லை.
தங்கம் என்று தொடங்கி
த-வை விழுங்கி, க-வைத் துப்பி,
இடையில் மிஞ்சியதைப்
பல்லிடுக்கில் அகப்பட்ட நார் போல
நாக்கின் அடியால் தேடினேன்.
மூக்கு, மூக்கு, என்று தன் மூக்கைத் தொட்டாள்.

காற்றுக்குழாயை எடுத்து
இடது கீழ்க் கடைவாயில் ஒரு தடவை ஊதினேன்.
தோள் துள்ளியது.
ஙிலு!

அட, கூச்சம்.
பல் கூசுதுன்னு சொல்லேன் பிள்ளே,
என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.
வலி இல்லை டாக்டர், இது வேறு.
அவர் எழுதியதை அடித்தார்.
கொறடு தட்டுக்குத் திரும்பியது.
பூச்சு போதும், பதினைந்து நாள் கழித்து இன்னொன்று.
மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

பசையை எத்தனை முறை தேய்ப்பது என்று
அவள் மொழியிலேயே சொல்ல ஆசை.
துவா காலி.
முதல் எழுத்தை நான் இறுக்கிவிட்டேனாம்.
இரண்டு தடவை
கிழட்டுத் தடவை ஆகிவிட்டதாம்.
தமிழில் ஒரே து-தான் இருக்கிறது,
இரண்டுக்கும் கிழத்துக்கும்
அதையே பங்கு போட வேண்டியதுதான்.
போகும்போதும் சிரித்துக்கொண்டே போனாள்.

பதினைந்து நாள், ஆள் இல்லாத நேரத்தில்
ஸ்டெரிலைசர் ஓடும் இரைச்சலுக்குள்
சொல்லிப் பழகினேன்.
சாக்கித் என்று நிறுத்தினால்
உ ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.
சாக்கித்து.
எங்கள் வாய்க்குக் கதவைச் சாத்தத் தெரியாது.

வியாழக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது.
மூன்று முறை கூப்பிட வேண்டும், பிறகு கோப்பை மூடலாம்,
அது விதி.
ச்சிச்சிஹ்.
குறிலாக, மூச்சோடு.
ச்சிச்சிஹ்.
மூன்றாவது முறைக்கு
கன்னம் வீங்கிய நம்ம ஊர் டிரைவர் ஒருவர்
திடுக்கிட்டு நிமிர்ந்தார்:
யாரைம்மா திட்டுறீங்க?

பேருங்க, என்றேன்.